கைபேசித் திரை வழியே ஆட்டிசக் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி: வடசென்னை வீடுகளுக்கேற்ற முழுமையான வழிகாட்டி

எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர் பக்கமிருந்து ஒரு தாய் தன் நான்கு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு நகரின் தெற்கிலோ மேற்கிலோ இருக்கும் தெரபி மையத்துக்கு வாரம் மூன்று நாள் போய்வர வேண்டுமென்றால், அந்த மூன்று நாளும் அவருக்கு வேறு வேலை ஓடாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்த பிறகு பயணம் ஓரளவு எளிதாகியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நிலையம் வரை வரும் ஷேர் ஆட்டோவின் நெரிசலும், கன்டெய்னர் லாரிகளின் ஹாரனும், நடைமேடை அறிவிப்பும் சேர்ந்து, மையத்தின் வாசற்படியை மிதிப்பதற்குள் பிள்ளையின் பொறுமையைத் தின்று தீர்த்துவிடுகின்றன. நாற்பத்தைந்து நிமிட செஷனில் முதல் இருபது நிமிடம் அவனைத் தேற்றுவதிலேயே கழியும்.

இந்தக் குடும்பங்களுக்கு வீடியோ அழைப்பு வழியே பயிற்சி தர விரும்பும் சிறப்பாசிரியர்கள், உளவியலாளர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெற்றோர் படித்தால், தெரபிஸ்ட்டிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவரும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொலைவழியில் பிள்ளைக்குப் பயிற்சி தருபவர் தெரபிஸ்ட் அல்லர். தாயோ, தந்தையோ, ஆயா என்கிற பாட்டியோ பிள்ளைக்குப் பயிற்சி தருகிறார். தெரபிஸ்ட் அந்தப் பெரியவருக்குப் பயிற்சி தருகிறார். 2020 ஊரடங்கின்போது எனக்கு இது புரியவில்லை. கைப்பாவைகளையும் வண்ண அட்டைகளையும் கேமரா முன்னால் ஆட்டிக்கொண்டு ஒரு மாதம் முழுவதும் பிள்ளையைத் திரை முன்னால் உட்கார வைக்கப் பாடுபட்டேன். பிள்ளை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போவான். தாய் கைகட்டி ஓரமாக நின்று, "சாரி மிஸ், இன்னிக்கு மூட் சரியில்ல" என்பார். பிள்ளையைத் தொடக்கூடிய தூரத்தில் இருந்த ஒரே ஆளை நான் பார்வையாளராக நிறுத்தி வைத்திருந்தேன்.

இந்த முறைக்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வேக்கர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வுகளில், தொலைவிலிருந்து நிபுணர் சொல்லச் சொல்லப் பெற்றோரே எல்லாவற்றையும் செய்தார்கள். முதல் ஆய்வில் 20 குழந்தைகளின் கடினமான நடத்தைகளுக்கான காரணம் ஆராயப்பட்டது. அடுத்ததில் 17 குழந்தைகளுக்கு, வேண்டியதை வேறு வழியில் கேட்டுப் பெறும் தொடர்புப் பயிற்சியைப் பெற்றோரே தந்தார்கள், அந்த நடத்தைகள் சராசரியாக 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. நம் பக்கத்திலும், கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான பாஸ் ஆய்வில், சிறப்பு நிபுணர் அல்லாத பணியாளர்கள் பெற்றோரையும் பிள்ளையையும் வீடியோ எடுத்து, அந்தப் பதிவைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்துப் பேசியே பயிற்சி தந்தார்கள். அது நேரில் செய்யப்பட்டது. என்றாலும் தொலைவழிக்கு அப்படியே பொருந்தும் உத்தி.

எந்தப் பிள்ளைக்கு, எந்த வீட்டுக்கு

ஆட்டிசம் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் வேலையைத் திரை வழியே செய்ய வேண்டாம். இந்தியாவில் ஊனச் சான்றிதழுக்குப் பயன்படும் இசா அளவுகோலில் 40 கூறுகள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அவற்றில் பலவற்றைப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். ஸ்டான்லி மருத்துவமனையிலோ எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ நேரில் காட்டி, செவித்திறன் சோதனையையும் முடித்து வந்த பிறகே பயிற்சித் திட்டத்தைப் பேசத் தொடங்க வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்காமலே ஆறு மாதம் நடத்தைப் பயிற்சி நடந்த கதைகள் நம் ஊரில் உண்டு.

வலிப்பு கட்டுக்குள் வராத பிள்ளை, இரத்தம் வருமளவு தலையை மோதிக்கொள்ளும் பிள்ளை, கதவு திறந்ததும் சாலைக்கோ தண்டவாளத்துக்கோ ஓடும் பிள்ளை ஆகியோருக்குத் தொலைவழி மட்டும் போதாது. சுவர்ச் சுண்ணாம்பையும் மண்ணையும் தின்னும் பிள்ளையை முதலில் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். இரத்தசோகை இருக்கிறதா, உடலில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய அழுகைக்கும் கடிக்கும் பழக்கத்துக்கும் பின்னால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கக்கூடும். வயிற்று வலிக்கு நடத்தைத் திட்டம் போடுவது பாவம்.

வீட்டையும் பார்க்க வேண்டும். கைபேசி யாருடையது, பகலில் அது வீட்டில் இருக்குமா என்பது முதல் கேள்வி. கடலுக்குப் போகும் தந்தையின் கையில் இருக்கும் போனை நம்பி வாரம் இரண்டு செஷன் குறிப்பதில் பயனில்லை. அந்தத் தாயால் வீட்டில் மனம்விட்டுப் பேச முடியுமா என்பதையும் தனியே, ஸ்பீக்கர் இல்லாமல் கேட்டறிய வேண்டும். தாயே மிகவும் சோர்ந்துபோயிருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐச் சொல்லி, அவருக்கும் துணை தேடிய பின்பு பிள்ளையின் திட்டத்துக்கு வரலாம்.

முதல் அழைப்புக்கு முன்

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் உங்களுக்கு இருக்கும் பதிவு எண்ணைப் பெற்றோரிடம் நீங்களாகவே காட்டுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே வீடியோ பதிவு செய்யப்படுமா, எங்கே வைக்கப்படும், எத்தனை நாளில் அழிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதி, அதைப் படித்துக்காட்டி ஒப்பம் பெற வேண்டும். பிள்ளை ஆடையின்றி இருக்கும் நேரத்தில், அதாவது கழிப்பறைப் பயிற்சியின்போது, எந்தக் காரணத்துக்காகவும் கேமரா திறந்திருக்கக் கூடாது. அதற்குக் குரல் அழைப்பு போதும்.

அந்த வீட்டின் முழு முகவரி, தெருவில் நுழையும் அடையாளம், பக்கத்து வீட்டார் ஒருவரின் எண், அருகிலுள்ள மருத்துவமனை ஆகிய நான்கும் செஷன் நடக்கும்போது உங்கள் கண்முன் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அடிபட்டால் தாய் பிள்ளையைப் பார்ப்பார். நீங்கள் 108ஐ அழைத்து வழி சொல்ல வேண்டியிருக்கும். திருவொற்றியூர்க் குப்பத்துச் சந்து ஒன்றுக்கு வழி சொல்லிப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

பெற்றோர் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடும் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நிராமயாவில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தெரபிச் செலவும் அதன் வரம்புகளுக்குள் வரும்.

கைபேசியை எங்கே வைப்பது

பத்துக்குப் பத்து அறையில்தான் சமையலும் படுக்கையும் டிவியும் இருக்கும். அதற்குள் ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தைப் பயிற்சிக்கென்று நிலையாக ஒதுக்க வேண்டும். ஸ்டாண்டு வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. பத்துக் கிலோ அரிசி டப்பாவின் மேல், சுவரில் சாய்த்து, ரப்பர் பேண்டால் ஒரு சொம்போடு கட்டி வைத்த போன் ஆடாமல் நிற்கிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் தாயின் இரு கைகளும், பிள்ளையின் முகமும், இருவருக்கும் நடுவே இருக்கும் பொருளும் தெரிய வேண்டும். முகங்கள் இரண்டும் அழகாகத் தெரிந்து கைகள் தெரியாவிட்டால் அந்தக் கோணம் வீண். தூண்டல், அதாவது பிள்ளையைச் செய்யவைக்கத் தாய் தரும் உதவி, எப்போது வந்தது, எவ்வளவு அழுத்தமாக வந்தது, பொருள் எந்த நொடியில் கைமாறியது என்பதெல்லாம் கையில்தான் தெரியும்.

தாயின் ஒரு காதில் மட்டும் புளூடூத் இயர்போன் இருக்க வேண்டும். உங்கள் குரல் ஸ்பீக்கரில் வந்தால் பிள்ளை குரல் வரும் திசையைத் தேடுவான். தாய்க்குச் சொல்லும் திருத்தமும் அவன் காதிலேயே விழும்.

இனி எல்லாருக்கும் வரும் தலைவலி. செஷன் நடக்கும் போன்தான் பிள்ளை மிகவும் விரும்பும் பொருளும்கூட. அதைக் கண்டதும் அவன் பிடுங்க வருவான். கொடுக்காவிட்டால் தரையில் புரள்வான். அந்த நாள் முடிந்துவிடும். பிள்ளை குளிக்கும்போதோ வெளியே இருக்கும்போதோ அழைப்பைத் தொடங்கி, போனை டப்பாமேல் வைத்த பிறகே அவனை அறைக்குள் வரவிட வேண்டும். உங்கள் வீடியோவை நிறுத்திவிட்டால், அவனுக்கு அது ஒளி மங்கிய கறுப்புக் கண்ணாடியாகத்தான் தெரியும். செஷன் முடிந்ததும் 'நல்லா உட்கார்ந்தான்' என்று அதே போனை அவன் கையில் கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால், செஷன் என்பதே போன் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய தண்டனையாகிவிடும்.

டேட்டா விஷயத்தில், ஒரு மணி நேர வீடியோ அழைப்பு தரத்தைப் பொறுத்து அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டிருக்கும் வீட்டில், அண்ணனின் பள்ளிப் பாடமும் அதே கணக்கில் ஓடுகிறது. வீடியோவின் தரத்தைக் குறைத்துக்கொண்டு 30 நிமிடத்தில் முடிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நேரம் குறிக்கும்போது தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்டுக் குறியுங்கள். லாரி வந்துவிட்டால் தாய் குடத்தோடு போகத்தான் வேண்டும். அதைக் குறையாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் மீன் எடுக்கப் போகிறவருக்குப் பகல் பதினொன்று சரிவரும். மாலை ஐந்து சரிவராது.

முதல் இரண்டு வாரம் பார்ப்பது மட்டும்

எதையும் மாற்றாமல் பார்க்க வேண்டிய காலம் இது. ஒரு நடத்தை நிகழுமுன் என்ன நடந்தது, நடத்தை எப்படி இருந்தது, அதற்குப் பின் என்ன நடந்தது என்ற மூன்று கட்டங்களைத் தாய் குறித்துவைக்க வேண்டும். எழுதத் தயங்குபவர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பட்டும். அதில் நிஜம் இன்னும் கூடுதலாக வரும். ஒரு பிள்ளை அடிப்பதும் கடிப்பதும் பெரும்பாலும் நான்கில் ஒன்றுக்காக இருக்கும்: யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், ஒரு பொருள் வேண்டும், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு இதமாக இருக்கிறது. காரணம் தெரியாமல் போடும் திட்டம் பெரும்பாலும் நடத்தையை வளர்த்துவிடும். தப்பிக்க அழும் பிள்ளையை 'மூலையில் போய் உட்கார்' என்று அனுப்பினால், அவன் கேட்டதையே கொடுத்தவராகிறோம்.

என் தவறொன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஐந்து வயதுப் பையன். கரண்டிகளை வகை பிரித்து அடுக்கும் சிறு வேலையைத் தாயோடு செய்துகொண்டிருப்பான். பதினொன்றேகால் வாக்கில் திடீரென்று இரு காதையும் பொத்திக்கொண்டு நெற்றியைச் சுவரில் மோதுவான். தாய் கரண்டிகளை எடுத்து மறைத்ததும் சிறிது நேரத்தில் அடங்குவான். வேலையிலிருந்து தப்பிக்கிறான் என்று குறிப்பெழுதி, வேலையின் அளவைக் குறைத்தேன். மாற்றமில்லை. பத்து நாள் கழித்து ஆயா ஒரு குரல்பதிவில் போகிற போக்கில் சொன்னார்: "பக்கத்துல மாவு பாக்கெட் போடுறாங்க கண்ணு, அவங்க கிரைண்டரு ஓடுறப்பதான் இவன் இப்பிடிப் பண்றான்." ஒருமுறைகூட என் காதில் அந்தக் கிரைண்டர் விழவில்லை. வீடியோ அழைப்புச் செயலிகளில் பின்னணி இரைச்சலைத் தானாக வடிகட்டும் வசதி உண்டு. மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் போன்ற இடைவிடாத ஒலிகளை அது குறிவைத்தே அழித்துவிடுகிறது. என் காதுக்கு நூலக அமைதி. அந்தப் பையனின் காதில் இயந்திரம்.

ஆகவே முதல் வாரத்திலேயே அந்த வடிகட்டியை இரு பக்கமும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஜூமில் அசல் ஒலியை அப்படியே விடும் தேர்வு இருக்கிறது. பின்னர், பிள்ளை இல்லாத நேரத்தில் தாயைப் போனோடு வீட்டைச் சுற்றிவரச் சொல்லி, என்ன மணம் வருகிறது, எங்கே வெயில் கண்ணில் அடிக்கிறது, எந்தச் சுவருக்கு அப்பால் என்ன ஓடுகிறது என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேமரா காட்டாதவற்றுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இடையில் ஒரு சொல்: அரசு விண்ணப்பங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற' என்று தொடங்கும் நீண்ட சொற்றொடர் ஒன்று வழங்குகிறது. கொருக்குப்பேட்டைப் பையனை நினைக்கும்போதெல்லாம் அதன்மேல் எனக்குக் கோபம் வரும். புற உலகத்தை அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரே ஓர் இலக்கு

1987இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பயிற்சி தரப்பட்டது. தண்டனையும் அதில் ஒரு பகுதியாக இருந்தது. அந்த மணிக்கணக்கை ஒற்றை அறை வீட்டில் ஒரு தாயிடம் எதிர்பார்ப்பது அநியாயம்; அந்தத் தண்டனையை எங்கேயும் ஏற்க முடியாது. தொலைவழியில் ஒரு காலத்தில் ஓர் இலக்கு, மிஞ்சினால் இரண்டு. அதுவும் பிள்ளையின் வாழ்க்கையை எளிதாக்குவதாக இருக்க வேண்டும். கையை உதறுவது, குதிப்பது, விரலைக் கண்முன் ஆட்டுவது போன்றவற்றை, யாருக்கும் தீங்கில்லாதவரை, இலக்காக்க வேண்டாம். கண்ணைப் பார்க்கச் சொல்லித் தாடையைப் பிடித்துத் திருப்பும் பழைய வழக்கமும் வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் 'ஒழுங்காக' இருக்க வேண்டும் என்று குடும்பம் கேட்பது எனக்குப் புரிகிறது. அது பிள்ளையின் தேவையன்று என்பதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

முதல் இலக்காக, அடிக்கும் இடத்தில் கேட்கும் வழியைக் கற்றுத்தருவது நல்லது. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1985இல் காட்டிய இந்த முறையில், நடத்தையால் பிள்ளை எதைப் பெற்றானோ அதையே, எளிதான, மற்றவருக்குப் புரியும் ஒரு வழியில் பெறக் கற்கிறான். கொருக்குப்பேட்டைப் பையனுக்கு இரண்டு காரியம் செய்தோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசி, கிரைண்டர் ஓடும் நேரத்தில் அவனை மாடிக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தோம். எந்த நேரத்திலும் எதையும் நிறுத்த வேண்டுமென்றால் அம்மாவின் உள்ளங்கையைத் தட்டலாம் என்று அவனுக்குக் கற்றுத்தரத் தொடங்கினோம். அந்தத் தட்டலுக்கு 'போதும்' என்று பொருள். பேச்சு வந்த பிள்ளைக்குச் சொல்லும், வராத பிள்ளைக்குப் படமும் சைகையும் இதே வேலையைச் செய்யும்.

பிடித்தவற்றைக் கண்டறிதல்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வீட்டில் இருக்கும் ஐந்து பொருள்களைப் பாயில் வரிசையாக வைத்து, எதை முதலில் எடுக்கிறான் என்று பார்த்து, எடுத்ததை நீக்கிவிட்டு, மீதியை இடம் மாற்றி மறுபடி வைத்தால், பத்து நிமிடத்தில் விருப்ப வரிசை கிடைத்துவிடும். முறுக்கு, சாவிக்கொத்து, தண்ணீர் ஊற்றும் டம்ளர், பழைய டார்ச், பாசிமணி ஆகியவை போதும். பெரும்பாலும் பெற்றோர் சொன்ன சாக்லேட் மூன்றாவதாகவும், யாரும் நினைத்தே பார்க்காத சாவிக்கொத்து முதலாவதாகவும் வரும்.

தாய்க்குக் கற்றுத்தரும் முறை

விளக்கிச் சொல்வது, செய்துகாட்டுவது, செய்யவைப்பது, உடனே கருத்துச் சொல்வது என்ற நான்கும் இந்த வரிசையிலேயே வர வேண்டும். விளக்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தாய் தலையாட்டத் தொடங்கிவிடுவார்; அந்தத் தலையாட்டலுக்குப் புரிந்தது என்று பொருளில்லை. பிள்ளையாக நடிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் இந்தப் பக்கம் நீங்கள் கரண்டியை வீச, அந்தப் பக்கம் தாய் தலையணை ஒன்றைப் பிள்ளையாக வைத்துக்கொண்டு கையைப் பிடித்துத் தட்டவைத்துப் பழக வேண்டும். முதலில் இருவருக்கும் சிரிப்பு வரும்; வரட்டும். படிகளைச் சிறு பட்டியலாக எழுதி, பத்தில் எட்டுப் படிகளைத் திரும்பத் திரும்பச் சரியாகச் செய்யும்வரை பிள்ளையை உள்ளே அழைக்க வேண்டாம்.

காதில் சொல்லும் சொற்கள் மிகக் குறுகியவையாக இருக்க வேண்டும். முன்கூட்டியே பேசிவைத்தவையாகவும் இருக்க வேண்டும். "காத்திருங்க." "இப்ப." "குடுங்க." "பேச வேணாம்." இந்த நான்கே போதும். இணையத்தில் ஒரு நொடி தாமதம் இருப்பதால், நீண்ட வாக்கியம் போய்ச்சேரும்போது அதற்குரிய தருணம் கடந்திருக்கும். நடத்தை தொடங்கும் நொடியில் சொல்லாமல், தொடங்கப்போகும் அறிகுறியிலேயே சொல்லப் பழகுங்கள். அந்தப் பையனுக்கு அறிகுறி தோள்தான்: நெற்றியை மோதுவதற்கு முன் வலத்தோள் சிறிது மேலேறும்.

ஒரு செஷன்

முதல் ஐந்து நிமிடம் பிள்ளை உறங்கினானா, சாப்பிட்டானா, மலம் போனானா என்ற கேள்விகளோடு போகும். அடுத்து, கடைசி செஷனுக்குப் பின் அனுப்பிய இரண்டு நிமிட வீடியோவைத் தாயோடு சேர்ந்து பார்ப்போம். அதில் அவர் சரியாகச் செய்த ஒரு கணத்தில் நிறுத்தி, அந்தக் கணத்தில் என்ன செய்தார் என்று அவரையே சொல்லச்சொல்வேன். தவறுகளைச் சுட்டும் வீடியோவை அடுத்த வாரம் அனுப்ப யாருக்கும் மனம் வராது.

பிறகு பயிற்சி. கொருக்குப்பேட்டைப் பையனின் செஷன் ஒன்று. மூன்று கரண்டிகள் டப்பாவுக்குள் போகின்றன. நான்காவதை எடுக்கும்போது தோள் ஏறுகிறது. "இப்ப." தாய் தன் உள்ளங்கையை விரித்து நீட்டி, மற்றொரு கையால் அவன் கையை மெல்லத் தூக்கித் தட்டவைக்கிறார். "போதும்" என்று அவரே ஒருமுறை சொல்கிறார். கரண்டிகள் உடனே ஒதுங்குகின்றன. அரை நிமிடம் அவன் சாவிக்கொத்தைக் குலுக்குகிறான். மறுபடி கரண்டி. ஆறாவது முறை தாய் அவன் கையைத் தூக்கவில்லை, முழங்கையைத் தொட்டார். பதினோராவது முறை உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார். நான் "காத்திருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அவன் தானாகத் தட்டிவிட்டான். கையைப் பிடித்து, பிறகு தொட்டு, பிறகு சுட்டி, பிறகு வெறுமனே காத்திருந்து, இவ்வாறு தூண்டலைப் படிப்படியாக விலக்குவதே முழு வித்தை. விலக்க மறந்தால், தாய் கைதொடும்வரை காத்திருக்கும் பழக்கம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அவன் எழுந்து போக விரும்பினால் போகட்டும்; பிடித்து இழுத்து உட்கார வைத்துச் செய்யும் பயிற்சியால் பாயைக் கண்டாலே ஓடத்தான் கற்பான்.

இடையில் இணைப்பு அறுந்தால் யார் மறுபடி அழைப்பது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தாய் பிள்ளையோடு தொடர்வார்; நான் மூன்று நிமிடத்துக்குள் குரல் அழைப்பில் வருவேன்.

புளியங்கொட்டைக் கணக்கு

தட்டல்களை எண்ணிக் குறிக்க டேட்டா ஷீட் அச்சிட்டு அனுப்பிப் பார்த்தேன். அது மளிகைக் கணக்கு எழுதவே பயன்பட்டது. இப்போது இரண்டு கிண்ணமும் புளியங்கொட்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிள்ளை தானாகத் தட்டினால் ஒரு கொட்டை வலக் கிண்ணத்தில், உதவியோடு தட்டினால் இடக் கிண்ணத்தில். இரவில் இரண்டு கிண்ணத்தையும் படமெடுத்து அனுப்பினால், எண்ணி வரைபடம் போடுவது என் வேலை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கிண்ணம் உயரத்தில் இருக்க வேண்டும், வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. வாரம் ஒருமுறை ஒரே வீடியோவை நானும் தாயும் தனித்தனியே எண்ணுவோம். இரு கணக்கும் 80 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போனால், எதை எண்ணுகிறோம் என்பதிலேயே தெளிவில்லை என்று கொண்டு வரையறையைத் திருத்துவோம்.

அழுகை ஏறும் நாள்கள்

பழைய வழி பலிக்காதபோது, பிள்ளை அதையே இன்னும் ஓங்கிச் செய்துபார்ப்பான். திட்டம் தொடங்கிய முதல் சில நாள்களில் இது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவில்லையென்றால், மூன்றாம் நாள் 'இந்த தெரபியால அதிகமாயிடுச்சு' என்ற செய்தி வரும். வரிசைவீட்டில் அழுகை நான்கு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். ஆயா மனம் தாங்காமல் கேட்டதைக் கொடுத்துவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. முதல் வாரத்திலேயே ஆயாவையும் திரை முன்னால் உட்கார வைத்து, "ஆயா, அவன் தட்டுனா உடனே குடுங்க, மோதுனா மட்டும் கொஞ்சம் பொறுத்து, தட்ட வெச்சு அப்புறம் குடுங்க" என்று அவருக்கும் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால், தாயைவிடக் கறாராகச் செய்வார். தலையை மோதும் இடத்தில் தலையணையைக் கட்டுங்கள்; காயம் ஏற்படும் நிலை வந்தால் அங்கேயே நிறுத்தி நேரடி மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

வீட்டுக்கு வெளியே, பிறகு

பாயில் கற்றது பாயோடு நின்றுவிடக் கூடாது. தாய் காதில் இயர்போனும் பையில் போனுமாகப் பிள்ளையை மளிகைக் கடைக்கு அழைத்துப் போகட்டும். வீடியோ வேண்டாம், குரல் போதும். கடை வாசலில் அவன் அம்மாவின் கையைத் தட்டினால், அரிசியை வாங்காமலே திரும்பிவிட வேண்டும் என்பது அந்த வார ஒப்பந்தம். மறுநாள் ஆயாவோடு, அடுத்து தந்தையோடு, பிறகு ஷேர் ஆட்டோவில் இரண்டு நிறுத்தம். ஆறு வாரம் ஆகியும் கிண்ணக் கணக்கில் நகர்வு இல்லையென்றால், இன்னும் முயலுங்கள் என்று தாயின் தலையில் சுமையை ஏற்றாமல், திட்டத்தை மாற்றுங்கள். அல்லது ஒருமுறையாவது நேரில் சென்று பாருங்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் எனக்குக் கொருக்குப்பேட்டை வீடு பக்கம்தான்.

நான்கு வாரம் தொடர்ந்து பத்தில் எட்டுத் தட்டல்கள் தானாக வந்தால், வாரம் இரண்டு செஷனை ஒன்றாக்குங்கள். பிறகு பதினைந்து நாளுக்கொன்று. பிறகு மாதம் ஒருமுறை. மாதாந்தர அழைப்பில் பிள்ளையைத் திரை முன் கொண்டுவரச் சொல்வதில்லை. போனை அதே அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு வழக்கமான வேலையைச் செய்யச் சொல்கிறேன். என் வீடியோவையும் ஒலியையும் அணைத்துவிட்டு, என் மேசையில் இருக்கும் இரண்டு கிண்ணத்தில் நானும் கொட்டைகளைப் போட்டுக்கொண்டு வருகிறேன். இரு பக்கக் கணக்கும் ஒத்துவந்தால், பதினைந்தாவது நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும்.